வெட்டுத்துண்டுகள்

பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் அதன் எச்சங்கள் தலைகாட்டும். 1985இல் அணை திறக்கப்படுவதற்கு முன்பே எமது குடும்பம் மேட்டுக்கு வந்துவிட்டது. வரும்போது உம்மா மறக்காமல் எடுத்துக்கொண்டது உம்மும்மா தைத்த துண்டுத்துணிப் போர்வையைத்தான். அதில் வாப்பாவின் பழைய சாரம் இருந்தது. என் சிறுவயதுச் சட்டையும் இருந்தது.

அந்த ஞாபகத்தில்தான், ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றபின், அயலிலுள்ள ஏழு பெண்கள் சேர்ந்து போர்வை தைக்கத் தொடங்கினோம். திங்கள்தோறும் லுஹர் தொழுதுவிட்டு எனது வீட்டு விறாந்தையில் கூடுவோம். கால்துடைப்பான் தைப்பவர்கள் வாங்கும் அதே ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டுகளைத்தான் நாங்களும் கிலோ கணக்கில் வாங்குகிறோம். வீட்டுப் பழந்துணிகளும் சேரும். ரமழானில் போர்வைகள் ஏழைக் குடும்பங்களுக்குப் போகும்.

தையல் முறையைச் சித்திப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் அவர்கள். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள் என மூன்று சமயத்தாரும் அவர்களில் உண்டு. அவர்களது போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் அவர்களுக்குப் போர்வை முழுமையாகாது. 2004இல் அப்பெண்கள் ஒரு கூட்டுறவும் அமைத்தார்கள்.

2018ஐப் பற்றி இந்தப் பக்கங்களில் அதிகம் சொல்லத் தேவையில்லை. பெப்ரவரியில் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் இறந்தார். கைதானவர்கள் எமது சமூகத்து இளைஞர்கள். அதன்பின் திகனையிலும் சுற்றூர்களிலும் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

எரிந்தவற்றுள் நானாவின் புடைவைக் கடையும் ஒன்று. அன்றிரவு நான் பக்கத்துவீட்டுச் சிங்கள அக்கேயின் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை. பெருநாளுக்கு நாங்களும் புத்தாண்டுக்கு அவர்களும் பலகாரத் தட்டு மாற்றிய வீடு அது. அதற்குப்பின் நான் அவருடன் கதைக்கவில்லை. கடையில் எஞ்சிய சீத்தைத் துணியின் கருகிய ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பெட்டியில் வைத்தேன். பின்னர் அதுவும் ஒரு போர்வையில் சேர்ந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மலைகள் சரிந்தன. பாடசாலைகளும் விகாரைகளும் பள்ளிவாசல்களும் தங்குமிடங்களாயின. எம்மிடம் 11 போர்வைகள் கைவசம் இருந்தன. வந்த பெயர்ப்பட்டியலில் அக்கேயின் பெயர் மூன்றாவதாக இருந்தது. அவரது வீட்டின் பின்சுவரை மண் தள்ளிவிட்டிருந்தது.

“முதல்ல எங்கட ஆக்களுக்குக் குடுப்போம்” என்றேன்.

எங்களில் மூத்த ராத்தா தையலிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. “மூணாவது போர்வய அவவுக்கு எடுத்து வைங்க டீச்சர்” என்றார். அவ்வளவுதான்.

அடுக்கில் மூன்றாவதாக இருந்தது சீத்தைத் துணிப் போர்வை. மாற்றி வைக்கக் கை போனது. ராத்தா பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே எடுத்துக்கொண்டு விகாரைக்குப் போனேன்.

அக்கே போர்வையை விரித்துத் தடவினார். “டீச்சர், இது நானாவின் கடைத் துணி. மகளுக்குச் சட்டை தைக்க நானும் வாங்கினேன்” என்று சிங்களத்தில் சொன்னார். அந்த இரவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. கதவுக்கு உள்ளே நின்றவரும் அன்று பயந்திருக்கலாம் என்று நினைக்கவே எனக்கு ஏழு வருடங்களுக்கு மேல் தேவைப்பட்டது.

இரண்டு வாரம் கழித்து அவரது மகன் ஒரு பை கொண்டுவந்தான். துவைத்து மடித்த பழைய சேலைகள் மூன்று. அடுத்த திங்கட்கிழமை அவற்றை வெட்டத் தொடங்கினோம்.