கட்டிக் கொடுத்த சோறு

எங்கள் ஊர் ஒரகடத்துக்குப் பக்கம். அம்மா அங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்டுக்குக் கிளம்புமுன் அன்றைய பாடத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். எழுத்து தெரியாதவள், கேள்வி மட்டும் பேராசிரியர் கேள்வி!

அன்று உருளைப்புழு. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்று பெயர். நீளமோ ஒரு மில்லிமீட்டர்தான். செல்லுக்குச் சக்தியூட்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு. இப்புழுவில் அது 13,794 கார இணைகள் கொண்ட சிறு வளையம் என்று 1992-இல் வெளியிட்டார்கள். அது தாயிடமிருந்து வருவது. முட்டையில் தாய் வைத்தனுப்பும் சுமார் 25,000 பிரதிகளே மூன்றாம் இளம்புழுப் பருவம்வரை போதுமாம். நான்காம் பருவத்தில்தான் அவை பெருகுகின்றன. பெருகவிடாமல் மருந்திட்டுத் தடுத்துப் பார்த்தார்கள். புழு மூன்றாம் பருவத்திலேயே நின்றுவிட்டது.

"கட்டிக் குடுத்த சோறு எத்தினி நாளைக்கு வரும்?" என்றாள் அம்மா. பிறகு, "அப்பன் குடுக்கறது?"

விந்தோடு வரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கருவே செரித்து அழித்துவிடுகிறது என்று 2011-இல் கண்டதை உற்சாகத்தில் சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் மாறியது. அப்பா இறந்தபோது எனக்கு வயது நான்கு.

"உட்கருவுல இருக்கற டி.என்.ஏ.வுல பாதி அப்பாவோடதும்மா" என்று அவசரமாகச் சேர்த்தேன்.

"அதான பாத்தேன். மூக்கு அப்பிடியே அவரு மூக்கு" என்றபடி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். வெளியே கம்பெனி பஸ் ஆரன் அடித்தது.