தோற்ற ராத்திரிகளுக்கான கூலி

நாற்பது பேர் கூடி ஓர் அசுரனை வீழ்த்துகிறார்கள். அவன் மடியிலிருந்து விழுவது இரண்டோ மூன்றோ பொருள்கள். மற்றவர்கள் வெறுங்கையோடு போக வேண்டும். போனால் மட்டும் போதாது, அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்கு மறுபடியும் வந்து நிற்க வேண்டும். 2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் மோல்ட்டன் கோர் என்ற ரெய்டின் கணக்கு இது. எரிமலைக்குள் ஒரு குகை, பாஸ் எனப்படும் பத்துப் பெரிய எதிரிகள், கடைசியில் நெருப்பரசன் ராக்னரோஸ். ஒரு பாஸை வாரத்துக்கு ஒருமுறைதான் கொல்லலாம். அவனிடம் கிடைக்கிற வாளோ தோள்கவசமோ எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறருக்கு விற்க முடியாது. இந்த வாரம் நீ போட்டுக்கொள், அடுத்த வாரம் நான் என்று முறை வைக்கவும் முடியாது.

திரையில் தெரியும் பொம்மை வாளுக்கா இத்தனை அடிதடி என்று கேட்பவர்கள் உண்டு. வாள் அழகுக்கு அல்ல. இந்த பாஸிடம் கிடைத்த கவசத்தைப் போட்டுக்கொண்டால்தான் அடுத்த பாஸின் அடியைத் தாங்க முடியும். ஆகவே கையில் வருகிற பொருள் முடிந்த வேலைக்குக் கூலியும்தான், வரப்போகிற வேலைக்கு முதலும்தான். கூலி என்று பார்த்தால் உழைத்தவருக்குப் போக வேண்டும். முதல் என்று பார்த்தால் யார் கையில் அதிகம் பயன்படுமோ அவருக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக அமைவது அபூர்வம். சேர்ந்து ஆடுகிறவர்களின் நிலையான குழுக்களான கில்ட்கள் பல உடைந்தது இந்த இடத்தில்தான்.

ஆட்டமே தரும் வழி எளிது. பொருள் விழுந்ததும் திரையில் ஒரு பகடையும் ஒரு காசும் தோன்றும். தேவை உள்ளவர் பகடையை அழுத்தலாம். கிடைத்தால் சரி என்பவர் காசை அழுத்தலாம். ஒன்று முதல் நூறுக்குள் ஓர் எண் விழும், பெரிய எண்ணுக்குப் பொருள். ஐந்து பேர் குழுவுக்கு இது போதும். ஆனால் ‘தேவை’ என்பதை யார் தீர்மானிப்பது? 2005-இல் பிரபலமான லீராய் ஜென்கின்ஸ் வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். குழு மும்முரமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவன் தன் பெயரையே கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து எல்லோரையும் சாகடிப்பான். அந்த அறைக்குள் அவர்கள் ஏன் போனார்கள் என்பது பலருக்கு நினைவிருக்காது. லீராய்க்கு ஒரு தோள்கவசம் வேண்டும். அது பிரீஸ்ட் போடுகிற துணிக்கவசம்; லீராயோ இரும்புக்கவசம் போடும் பாலடின். நடித்து எடுத்த வீடியோதான், ஆனால் அந்த நகைச்சுவையை எழுதியவர்கள் நிறைய பகடைச் சண்டைகளைப் பார்த்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை.

பகடைக்குப் பதிலான கணக்கு நோட்டு வந்தது இதற்கும் முன்பே. 1999-இல் வெளியான எவர்க்வெஸ்ட்டில் லேடி வாக்ஸ், லார்டு நாகாஃபென் என்று இரண்டு டிராகன்கள் இருந்தன. அவற்றைக் கொல்லப் பெரும் கூட்டம் வேண்டும், கிடைப்பது கொஞ்சம். ஆஃப்டர்லைஃப் என்ற கில்ட் அதற்கு ஒரு முறை கண்டுபிடித்தது. வந்து உழைத்தவருக்குப் புள்ளி. பொருள் வேண்டுமென்றால் சேர்த்த புள்ளியைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். டிராகன் கில் பாயிண்ட்ஸ், சுருக்கமாக டிகேபி. ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு இதில் பங்கே இல்லை. ஆடுகிறவர்கள் தாங்களே அடித்துக்கொண்ட நாணயம் அது. கில்டைத் தாண்டிச் செல்லாது, நண்பனுக்குக் கடனாகக் கொடுக்கவும் முடியாது. பொருளாதார அறிஞர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவாவும் சட்டப் பேராசிரியர் ஜோஷுவா ஃபேர்ஃபீல்டும் 2007-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே எழுதினார்கள்.

டிகேபியைக் குறை சொல்ல ஆயிரம் காரணம் உண்டு. இருந்தாலும் நான் அதன் கட்சி. காரணம் வேலாஸ்ட்ராஸ்.

மோல்ட்டன் கோருக்கு அடுத்த ரெய்டான பிளாக்விங் லேரில் அவன் இரண்டாவது பாஸ். முப்பது சதவீத உயிரோடுதான் சண்டையையே தொடங்குவான். அத்தோடு நம் எல்லோருக்கும் மூன்று நிமிடத்துக்கு வற்றாத சக்தியையும் அவனே தருவான். கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? அந்த மூன்று நிமிடத்துக்குள் அவனை முடிக்க வேண்டும். நடுநடுவே ஒவ்வொருவராகப் பொறுக்கி ஒரு சாபம் வைப்பான். சாபம் விழுந்தவர் இருபது நொடியில் வெடித்துச் சாவது உறுதி. ஓரமாக ஓடிப்போய்ச் சாகாவிட்டால் பக்கத்தில் நிற்பவர்களையும் கூட்டிக்கொண்டு போவார். முன்னால் நின்று அடி வாங்கும் டேங்குக்கும் இந்தச் சாபம் விழும். அவர் செத்த அதே கணத்தில் அடுத்த டேங்க் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தடுமாறினால் நாற்பது பேரும் காலி. எழுந்து, கல்லறையிலிருந்து ஓடி வந்து, மருந்துகளைக் குடித்து, மறுபடி முதலிலிருந்து.

நான் அப்போது ஐரோப்பிய சர்வர் ஒன்றில் மற்றவர்களின் உயிரை ஏற்றிவிடும் ஹீலர். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. ஹீலர் பாஸைப் பார்ப்பதே இல்லை; நாற்பது பச்சைப் பட்டைகள் குறைவதையும் ஏறுவதையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வேலாஸ்ட்ராஸ் விஷயத்தில் வாரக்கணக்கில் அந்தப் பட்டைகள் குறைந்தன, ஏறவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஜெயிச்சியாடா?”

“இல்லம்மா.”

“ஜெயிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. அப்புறம் என்னத்துக்குடா மூணு மணி வரைக்கும்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எங்கள் கில்டின் நோட்டில் பதில் இருந்தது. அந்த இரவுக்கும் புள்ளி எழுதியிருந்தார்கள். பாஸ் செத்தால் கிடைக்கும் புள்ளி தனி. செத்தாலும் சாகாவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்பது தனி. நேரத்துக்கு வந்தால் கொஞ்சம், கடைசிவரை இருந்தால் கொஞ்சம். பகடைக்கு இந்த இரவு தெரியவே தெரியாது. பகடை உருள்வதற்கு முதலில் ஒரு பிணம் விழ வேண்டும். பிறகு எல்லாம் பழகி, வேலாஸ்ட்ராஸ் ஐந்து நிமிட வேலையான ஒரு வாரத்தில் புதிதாக வந்து நிற்பவனும், வாரக்கணக்கில் வெடித்துச் செத்தவனும் பகடைக்கு ஒன்றுதான். நோட்டுக்கு ஒன்றல்ல.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் புள்ளியைச் செலவழிக்காமல் பூட்டி வைப்பார்கள். சின்னப் பொருளெல்லாம் கேட்க ஆளில்லாமல் உடைத்துப் பொடியாகும். பெரிய வாள் விழுந்த அன்று அத்தனை பேரும் மடியை அவிழ்ப்பார்கள். புதியவன் ஒரு வருடம் உழைத்தாலும் அவர்களை எட்ட முடியாது. இதற்கு வைத்தியமாக ஜீரோ-சம் என்றொரு முறை வந்தது: நாற்பது பேர் ரெய்டில் ஒருவர் 400 புள்ளிக்கு வாள் எடுத்தால் அந்த 400-ஐ ஆளுக்குப் பத்தாகப் பிரித்துவிடுவார்கள். புதுப் புள்ளியே பிறக்காது, ஆகவே விலைவாசியும் ஏறாது. கேட்க அழகு. ஆனால் பொருள் விழாத இரவில் யாருக்கும் ஒன்றுமில்லை. வேலாஸ்ட்ராஸ் இரவுகளுக்கு மறுபடி நாமம். இபிஜிபி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. உழைப்பை ஒரு எண்ணாகவும் வாங்கியதை ஒரு எண்ணாகவும் வைத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, ஈவு பெரியவருக்கு முன்னுரிமை. இரண்டு எண்களும் வாராவாரம் சில சதவீதம் தேயும். நான் பார்த்ததில் நன்றாக யோசித்த முறை இதுதான். இதைப் புதியவருக்கு விளக்குவதற்குள் பாஸையே கொன்றுவிடலாம் என்பது வேறு விஷயம். சூசைட் கிங்ஸ் என்று ஒன்று, வெறும் பெயர்ப் பட்டியல். பொருள் எடுத்தவர் பட்டியலின் அடிக்குப் போவார். சின்ன கில்ட்களுக்குச் சரி.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நாலு பெரியவர்கள் உட்கார்ந்து யாருக்கு என்று சொல்லட்டும் என்பது லூட் கவுன்சில். உச்சத்தில் இருக்கும் கில்ட்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்துக்கொள்கின்றன. எனக்கு இது பிடிக்காது, ஆனால் தண்டர்ஃப்யூரி என்ற வாள் விஷயத்தில் வேறு வழி இருப்பதாகவும் தெரியவில்லை. அதைச் செய்ய இரண்டு பாதிகள் வேண்டும். ஒரு பாதி கார் என்ற பாஸிடம், மறுபாதி பாரன் கெட்டனிடம். இரண்டும் எப்போதாவதுதான் விழும். ஒரு பாதியை வாங்கிக்கொண்டு மறுபாதிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தாலும் பத்து எலிமெண்டியம் கட்டிகள் வேண்டும். அதை வார்க்க கில்டே கஜானாவைக் காலி செய்ய வேண்டும். கூட்டுப் பணத்தில் செய்த வாள், ஒட்டிக்கொள்வதோ ஒருவர் கையில். இதைப் புள்ளி ஏலத்தில் விட முடியுமா? டேங்குக்குத்தான் தர வேண்டும், அதுவும் நாளைக்கு ஓடிவிட மாட்டார் என்று தோன்றுகிற டேங்குக்கு. குணத்தை அளக்க எந்தச் சூத்திரமும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அப்படிப் பார்த்துக் கொடுத்தும், வாளோடு வேறு கில்டுக்குத் தாவியவர்கள் கதை எல்லா சர்வரிலும் உண்டு. கவுன்சிலின் தோழிக்கே எப்போதும் நல்ல மோதிரம் விழும் கதையும் அதே அளவுக்கு உண்டு.

இந்தச் சண்டைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்ததாலோ என்னவோ, 2018-இல் பேட்டில் ஃபார் அஸெரோத் வந்தபோது பிளிஸார்ட் நிறுவனம் பங்குபிரிக்கும் அதிகாரத்தையே கில்ட்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அவரவருக்கு விழுவது அவரவருக்கு. அதைப் பிறருக்குத் தரவும், தன்னிடம் அதே தரத்திலோ மேலாகவோ ஒன்று ஏற்கெனவே இருந்தால்தான் முடியும். முன்பின் தெரியாதவர்கள் கூடும் ரெய்டில் இது பெரிய நிம்மதி; யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. கில்டுக்குள் நடந்தது வேறு. முதல் தடவை வந்தவன் மடியில் நல்ல வாள் விழும், வருடக்கணக்காக வருபவனுக்கு அன்று ஒன்றுமில்லை, கொடுக்க மனமிருந்தாலும் ஆட்டம் விடாது. நேர்மை இருந்தது, நன்றி காட்ட வழியில்லை. பெரிய கில்ட்கள் வேறு குறுக்குவழி கண்டன: ஒரே வகைக் கவசம் போடுபவர்களைக் கூட்டமாக அழைத்துப் போய், விழுந்ததில் கைமாற்ற முடிந்ததையெல்லாம் தங்கள் ஆளுக்குத் திருப்பிவிட்டார்கள். 2022 நவம்பரில் டிராகன்ஃபிளைட்டோடு பழைய பகடை திரும்பி வந்தது.

இதற்கிடையில் 2019-இல் பழைய ஆட்டத்தையே கிளாசிக் என்று மறுபடி திறந்தார்கள். அங்கே ஜிடிகேபி பெருகியது. புள்ளி கிடையாது; ஆட்டத்துக்குள் புழங்கும் தங்கத்தை வைத்தே ஏலம். வாளை அதிகம் கேட்டவர் எடுப்பார், ஏலப் பணம் மொத்தமும் கடைசியில் வந்த அத்தனை பேருக்கும் பிரியும். நம் ஊர் ஏலச்சீட்டை நடத்தியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: அவசரக்காரர் தள்ளி எடுக்கிறார், அவர் விட்டது மற்றவர்களுக்குக் கழிவாகப் போகிறது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை. கணக்குப்படி பார்த்தால் நாற்பது பேர், மூன்று பொருள் என்ற சிக்கலுக்கு இதைவிடச் சுத்தமான விடை கிடையாது.

தங்கத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்கி ஏலம் கேட்கிறார்கள் என்பதுதான் இதன்மேல் எல்லோரும் சொல்லும் புகார், அது உண்மையும்கூட. 2024 பிப்ரவரியில், கிளாசிக்கின் ஒரு வடிவமான சீசன் ஆஃப் டிஸ்கவரியில், அதன் இரண்டாம் கட்டத்திலிருந்து பிளிஸார்ட் ஜிடிகேபியைத் தடை செய்தது. என் புகார் வேறு. ஜிடிகேபி ரெய்டில் நான் சேர்ந்து பார்த்திருக்கிறேன். அமைப்பாளர் முதலில் நம் கவசத்தைத் திறந்து பார்ப்பார். போதாது என்றால் வாசலிலேயே கும்பிடு. உள்ளே வந்தவர்கள் எல்லோரும் அந்தக் குகையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கக்கூடியவர்கள். ஒருமுறை தடுமாறி எல்லோரும் செத்தோம்; மறுமுறையும் செத்தபோது யாரும் பேசவில்லை, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கோபம்கூட இல்லை. செத்தால் ஏலம் இல்லை, ஏலம் இல்லாவிட்டால் பிரிக்க ஒன்றுமில்லை, பிறகு எதற்கு நிற்பது? யாரோ எப்போதோ தோற்றுத் தோற்றுக் கற்ற பாஸைத்தான் இந்தச் சீட்டு நடத்த முடியும்.

பகடை திரும்பி வந்த பிறகும் கில்ட்கள் அதை அப்படியே உருட்டவில்லை. ஆர்சி லூட்கவுன்சில் மாதிரி ஆட்-ஆன்களைப் போட்டு, விழுந்ததையெல்லாம் தலைவர் கைக்குப் போக வைத்து, பழையபடி வழக்காடத் தொடங்கிவிட்டார்கள். இன்ன மோதிரத்தைப் போட்டால் என் அடி இத்தனை சதவீதம் ஏறும் என்று சிமுலேஷன் ஓட்டி, எண்ணோடு வந்து நிற்கிறார்கள். அந்த எண் வரப்போகும் பாஸைப் பற்றியது. போன மாதம் யார் எத்தனை இரவு செத்தார்கள் என்பது அதில் வராது.

புதிய கில்டில் சேரப் பேசும்போது லூட்டை எப்படிப் பிரிப்பீர்கள் என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. எல்லோரும் நியாயமாக என்றுதான் சொல்வார்கள். பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறேன். இருபத்தைந்து பேர் வந்து இருபது இடம்தான் இருக்கிறது என்றால், ஐந்து பேர் டிஸ்கார்டில் பேச்சைக் கேட்டுக்கொண்டு, கூப்பிட்டால் ஓடிவரத் தயாராக, மாலை முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். ஓர் இடத்தில் “அதுக்கெல்லாம் என்ன குடுக்கறது?” என்று சிரித்தார்கள். இன்னோர் இடத்தில் அதிகாரிப் பெண் யோசித்துவிட்டு, “பாதி. ஆனா ஹெட்செட் போட்டுட்டு படம் பாத்தா கிடையாது, நாங்க செக் பண்ணுவோம்” என்றார். அங்கேதான் இப்போது இருக்கிறேன்.