நொண்டிக்கும் மடியில் இடமுண்டு

திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவொன்றில் ஒரு மூதாட்டி வசிக்கிறார். கணவர் காலமான பின், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் தூரமும் வெறுங்காலுடன் அண்ணாமலையாரை வலம் வருவதே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு மழைக்காலக் காலையில், வாகனம் மோதிப் பின்னங்கால்கள் இரண்டும் செயலிழந்த நாய்க்குட்டி ஒன்று ஊர்ந்து வந்து, அவர் வாசலில் இட்டிருந்த கோலத்தின் மேல் கிடந்தது. தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார். “முதுகுத்தண்டில் அடி. இனி நடக்காது. ஆனால், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பல ஆண்டுகள் வாழும்” என்றார் மருத்துவர்.

பார்த்துக்கொள்வது எளிதன்று. தானாகச் சிறுநீர் கழிக்க இயலாத அதன் அடிவயிற்றை நாளுக்கு மூன்று நான்கு முறை மெல்ல அழுத்திவிட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வரும். ஆகவே அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஈரமான விரிப்பை உடனே மாற்ற வேண்டும். மூதாட்டி அனைத்தையும் கற்றுக்கொண்டார். ஆயினும் மனம் உறுத்தியது. நாயைத் தொட்ட கையால் பூஜை செய்யலாமா? அதைத் தனியே விட்டுக் கிரிவலம் செல்வது எப்படி?

அந்தக் குழப்பத்துடன் ஒரு மாலை ரமணாச்ரமம் சென்றார். பசு லட்சுமியின் சமாதிக்கு அருகே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் கூடச் சமாதிகள் உள்ளன. அங்கே நின்றபோது, பெரியோர் சொல்லக் கேட்ட வரலாறு நினைவுக்கு வந்தது. பகவான் விருபாக்ஷ குகையில் வாழ்ந்த காலத்தில், கூட்டத்தின் தலைவனால் கடியுண்ட குரங்குக் குட்டி ஒன்று குகையருகே கிடந்தது. பகவான் அதைப் பேணிக் காத்தார். கால் ஊனமாகிவிட்டதால் அதற்கு ‘நொண்டி’ என்றே பெயர் வந்தது. அது உரிமையோடு அவர் மடியில் வந்து அமரும். எந்த விலங்கையும் பகவான் ‘அது’ என்று சொன்னதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்றே சொல்வார்.

வீடு திரும்பிய மூதாட்டி, பின்கட்டுத் தாழ்வாரத்தில் குட்டிக்கு இடம் ஒதுக்கினார். அதன் பணிகளை முடித்து, நீராடிய பின் விளக்கேற்றினார். அந்தப் பௌர்ணமியன்று கிரிவலம் செல்லவில்லை. குட்டியை அருகில் கிடத்திக்கொண்டு, வாசலில் இருந்தபடியே மலையைத் தரிசித்தார்.

அன்றிரவு வேறொரு கவலையும் எழுந்தது: தமக்கும் வயதாகிறது, தமக்குப் பின் இந்த ஜீவனுக்கு யார்? மறுநாளே அடுத்த வீட்டுப் பெண்ணிடம் மனம் திறந்தார். அவள் தயங்கினாலும் மறுக்கவில்லை. ஒரு மாதத்தில் எல்லாப் பணிகளையும் பழகிக்கொண்டாள். அவள் கணவர் இரு சிறு சக்கரங்களும் குழாய்களும் கொண்டு ஒரு வண்டி செய்து தந்தார்.

அடுத்த பௌர்ணமியில் மூதாட்டி கிரிவலம் சென்றார். விடியலில் திரும்பியவரை எதிர்கொள்ள, சக்கரங்கள் கடகடக்க வாசல்வரை வந்தது குட்டி. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் மூதாட்டி கேட்ட முதல் கேள்வி: “அவன் சாப்பிட்டானா, அம்மா?”