ஆறு மணித்தியாலமும் ஒரு நோன்பும்



உம்ராவுக்கு நாட்டம் வைத்தவர்கள் முதலில் கேட்பது, "கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணித்தியாலம்?" என்பதைத்தான். நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஆறு. வான்வழித் தூரம் சுமார் 4,650 கிலோமீற்றர். அந்த ஆறு மணித்தியாலத்துக்குள் தொழுகை, இஹ்ராம், நோன்பு மூன்றுக்கும் சட்டம் இருப்பதைத்தான் பலர் கேட்பதில்லை.

"ஆசனத்தில் சாய்ந்து போகிறவனுக்குக் கஸ்ர் எதற்கு?" என்பார்கள் சிலர். ஷாபிஈ மத்ஹபில் அளவுகோல் தூரமே, களைப்பல்ல. 80 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பயணம் போதும். ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி, அத்தூரத்தைக் கடலில் சொற்ப நேரத்தில் கடந்தவரும் சுருக்கித் தொழலாம் என்று மின்ஹாஜில் எழுதிவிட்டார்கள். விமானத்தை யாரும் கனவிலும் காணாத காலம் அது! ஆகவே மாத்தளையின் எல்லையைத் தாண்டியதுமே நீங்கள் முஸாபிர்தான். விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

இஹ்ராம் உடையை வீட்டிலோ கட்டுநாயக்கவிலோ அணிந்துவிடுங்கள். விமானம் நிமிடத்துக்குப் 14 கிலோமீற்றர் அளவில் பறக்கிறது. மீகாத் அறிவித்த பிறகு கழிவறை வரிசையில் நின்றால், எல்லை உங்களுக்காக நிற்காது. நிய்யத் இல்லாமல் கடந்தால் தம் கொடுக்க நேரும்.

நோன்புதான் பெரிய விஷயம். 2023 றமழானில் எங்கள் ஊர்க் குழுவோடு பிற்பகல் இரண்டு மணி விமானத்தில் போனேன். பக்கத்தில் உக்குவெலையைச் சேர்ந்த ஒரு வயோதிபத் தாய். கடிகாரம் 6.20 காட்டியதும் கைலேஞ்சியிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்துவிட்டார்.

"உம்மா, கொஞ்சம் பொறுங்க."

"ஊர்ல பாங்கு சொல்லியிருக்குமே, மௌலவி?"

ஜன்னல் மூடியை உயர்த்திக் காட்டினேன். அஸருடைய வெயில் இறக்கையில் பளபளத்தது.

நாம் சூரியனோடு சேர்ந்து மேற்கே ஓடுகிறோம். இரு நகரங்களுக்கும் இடையே 40 பாகைக்குச் சற்று அதிகம். பாகைக்கு நான்கு நிமிடம். கடிகாரங்களின் வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம் என்றாலும், சூரியக் கணக்கில் இரண்டே முக்கால் வரை பகல் நீளும். நோன்பு திறப்பது நாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பிறகே. ஊர்ப் பாங்கும் உதவாது, விமானத்துக்குக் கீழேயுள்ள ஊரின் பாங்கும் உதவாது. உயரத்தில் சூரியன் பிந்தியே மறையும். அன்று ஸுபஹுக்குப் பிறகே ஊரைத் தாண்டியிருந்தோம். ஆகவே எங்கள் மத்ஹபின்படி, பயணத்தைக் காரணம் காட்டி அந்த நோன்பை விடவும் இயலாது. (நோயாளியின் சலுகை வேறு. நோன்பை விட நினைக்கும் பயணிகள் ஸுபஹுக்கு முன்பே ஊரைக் கடந்துவிட வேண்டும்.) அந்தத் தாய் பழத்தைத் திரும்பச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஜித்தாவில் இறங்கி, 6.40 அளவில், இலங்கை நேரம் 9.10க்குத்தான் வாயில் வைத்தார்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். ஜித்தாவில் ஸஹர் செய்து காலையில் புறப்பட்டு வந்தால், இங்கே மக்ரிப் ஆகும்போது ஜித்தா நேரம் நாலு மணிகூட ஆகியிராது. தயங்காமல் திறவுங்கள். அதுவும் முழு நோன்புதான். கழாச் செய்யத் தேவையில்லை.