பால்வெட்டுக் கத்தியும் போருக்குப் பிந்தைய மலாயாவும்

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது இருட்டில் தொடங்கும் தொழில். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியேற்றும், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் தளரும், பால் குறையும். அதனால்தான் மலாயாத் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடித்தார்கள். கெடா மாநிலத்தில் எஞ்சியிருக்கும் சிறு தோட்டங்களில் இந்த வேலையை இன்றும் நேரில் பார்க்கலாம். நெற்றியில் கட்டிய விளக்கு மட்டும் மரத்துக்கு மரம் நகரும். முதலில் பழைய வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால் உரித்தெடுக்கப்படுகிறது. பிறகு கத்தி இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கச் சரிவுக்கு ஒரே இழுப்பில் இறங்குகிறது. பால் நாளங்கள் மரத்தைச் சற்றே சாய்வாகச் சுற்றி ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும்.

ஒரு முறைக்குச் சீவப்படும் பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆழத்திலும் அதே கவனம் வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள வளர்படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். பட்டை ஒழுங்காகத் திரும்பி வளராவிட்டால் சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்ட முடியாது. வெட்டு ஆழம் குறைந்தால் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு நிறையாது, அன்றைய கூலி குறையும். கூடினால் மரம் காயப்படும், மேற்பார்வை பார்க்கும் தண்டலின் ஏச்சு கிடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில், அரையிருட்டில், முந்நூறு நானூறு மரங்களை ஒருவர் முடிக்க வேண்டும். இதைத் திறனற்ற கூலி வேலை என்று வகைப்படுத்திய நிர்வாகங்கள் வேலையைக் கவனித்துப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். மரத்தைக் கொல்லாமல் பல பத்தாண்டுகள் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி 1890களில் வகுத்தார். அதைக் கைப்பழக்கமாக்கித் தலைமுறைக்குத் தலைமுறை கொண்டுபோனவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்.

இன்றைய மலேசியத் தமிழர் பலருடைய தாத்தா பாட்டிகள் இந்தத் தொழிலில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய கத்தியின் கூர்மையைப் பற்றிக் குடும்பங்களில் பேச்சு உண்டு. 1942 முதல் 1960 வரை அவர்கள் கடந்துவந்த ஆண்டுகளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியதும் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ரப்பர்ச் சந்தைகளோடு இருந்த தொடர்பு அறுந்தது. தோட்டங்கள் படுத்தன. அரிசி வரத்து நின்றது; மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. வேலையற்ற இந்த மக்களைத்தான் ஜப்பானிய இராணுவம் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதைக்கு அள்ளிச் சென்றது. சிலர் கூலி ஆசை காட்டப்பட்டுப் போனார்கள். பலர் பிடித்து ஏற்றப்பட்டார்கள். 1942இல் தொடங்கிய 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து சென்றவர்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்றன. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் தனித்தனிக் கல்லின் கீழ் கிடக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்க்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை இல்லை.

உயிரோடு திரும்பியவர்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1945இல் பிரிட்டிஷ் ஆட்சி மீண்டதும் ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு செல்லாக் காசானது. சேமித்தது எல்லாம் போயிற்று. வெட்டப்படாமல் நின்ற மரங்களின் பட்டை தடித்திருந்தது, பாலும் நன்றாக வந்தது. கூலி மட்டும் விலைவாசியை எட்டவில்லை. 1947இல் கெடாவில் தமிழ்த் தொழிலாளர்கள் தொண்டர் படையாகத் திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள்; வேலைநிறுத்தங்களும் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவசரகாலம் தொழிலின் அடிப்படையிலேயே கைவைத்தது. பால்வெட்டுக்கு விடியலுக்கு முந்தைய நேரம் வேண்டும். ஊரடங்கு அந்த நேரத்தைத்தான் பூட்டியது. குடியிருப்பு வாயில் திறக்கக் காத்திருந்து, சோதனைக்கு நின்று, வெயில் வந்தபின் மரத்தடிக்குப் போனால் மங்கில் பால் குறைந்தது. கூலியும் அத்தோடு குறைந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போய்விடும் என்று, வெட்டுக்குப் போகிறவர் சோறு கொண்டுசெல்லவும் பல இடங்களில் தடை இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. இரு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் நின்று அதே மில்லிமீட்டர்க் கணக்கில் பட்டை சீவியவர்கள் அந்தத் தலைமுறையினர். 1950–51 கொரியப் போரால் உச்சத்துக்குப் போன ரப்பர் விலையும், அதை நம்பி நின்ற பிரிட்டிஷ் கருவூலமும் அந்தக் கைகளைச் சார்ந்தே இருந்தன.

பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. வேலையும் வீடும் ஒருசேரப் போகும் நிலையில், 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்களின் மாதத் தவணைப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னாளில் பெரிய தோட்டங்களில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது.

சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களின் பிள்ளைகளில் உயிரோடு இருப்பவர்களே இப்போது முதியவர்கள். போனவரின் பெயர், அவர் புறப்பட்ட தோட்டம், திரும்பினாரா இல்லையா என்ற மூன்று செய்திகளையாவது ஒவ்வொரு குடும்பமும் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.