வித்தவுட் பயணிகள்

ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடித்து மீன் தொட்டியைப் பார்த்திருக்கீங்களா? பார்க்காதீங்க. தூக்கம் போயிடும். எனக்குப் போச்சு.

நான் மூன்றாம் ஆண்டு இ.இ.இ. வீடு பெரம்பூர். வண்ண மீன் வாங்க சென்னையே போகும் கொளத்தூர் எங்களுக்குப் பக்கம்தான். அந்தக் கடைகளை வேடிக்கை பார்த்தே வளர்ந்தவன் நான். அதனால பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் வேலை மாறி ஊரை விட்டுப் போகும்போது, "இந்தக் கடல் தொட்டியை எடுத்துக்கிறியாடா?"ன்னு கேட்டதும் யோசிக்கவே இல்லை. இரண்டடித் தொட்டி, அறுபது லிட்டர் உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், நாலு பாறை.

பாறைன்னா வெறும் கல் இல்லைங்க. லைவ் ராக். உடம்பெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகளில் இருக்கும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றித் தண்ணீரைக் காப்பாற்றுது. அதே ஓட்டைகளில் ஒளிந்துகொண்டு, நாம காசு கொடுக்காத சில உயிர்களும் வீட்டுக்கு வந்துடும். ஹிட்ச்ஹைக்கர்னு சொல்வாங்க. நம்ம பாஷையில, வித்தவுட்.

என் தொட்டியில் இரண்டு வித்தவுட் இருந்தாங்க.

ஒன்று, அந்த ரெண்டு மணிக்குப் பார்த்தது. பூரான் மாதிரி நீளம், இளஞ்சிவப்பு நிறம், இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா முடி. பெயர் பிரிஸ்டில் வார்ம். தேடிப் பார்த்தால், இங்கிலாந்தில் நியூகே என்ற ஊரில் இருக்கும் அக்வேரியத்தில் 2009-ல் பிடிபட்ட புழு பற்றிய செய்தி வந்தது. அங்கே பவளங்கள் துண்டாகிக் கிடந்தனவாம். கடைசியில் பாறைகளைப் பிரித்து எடுத்தபோது சுமார் நாலடி நீளத்துக்கு ஒரு புழு! அது வேற வகை, என்னுடையது விரல் நீளம்தான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு வகை பிரிச்சுப் பார்க்கிறது?

இன்னொன்று, அழகு. கண்ணாடி மாதிரி பழுப்புத் தண்டு, மேலே பூப்போல விரிந்த கைகள். பெயர் தெரியாது. பகலிலேயே தெரியும்படி பாறை உச்சியில் உட்கார்ந்திருந்தது. நான் அதுக்குத் தனியா இறால் துணுக்கு ஊட்டினேன். ஸ்டேட்டஸ்கூட வெச்சேன்.

மூணாவது வாரம் ஒரு கோமாளி மீன் செத்துப்போச்சு. காலையில் பார்த்தால், உடலைச் சுற்றி ஏழெட்டுப் புழுக்கள். சாட்சி, விசாரணை எதுவும் வேணாம், தீர்ப்பு ரெடி. மூன்று ராத்திரி உட்கார்ந்து பதினோரு புழுக்களைப் பிடித்துக் கொன்றேன். அவசரத்தில் ஒன்றை வெறும் கையால் தொட்டுட்டேன். அதன் முடி உடைஞ்சு தோலில் ஏறும். கண்ணாடிப் பஞ்சைத் தொட்ட மாதிரி குத்திக்கிட்டே இருக்கும். அம்மா செலோ டேப் ஒட்டி ஒட்டிப் பிடுங்கினாங்க. மறுநாள் இன்டர்னல். பேனா பிடிக்க முடியலை.

நாலாவது நாள் மிச்சமிருந்த மீனும் மூலையில் ஒதுங்கி வேகவேகமா மூச்சு வாங்கியது. பயந்துபோய் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"உப்பு எவ்வளவு காட்டுது?"

ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன். 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.035.

"தினமும் தண்ணி குறையுமே, அதுக்கு என்ன ஊத்துற?"

"உப்புத் தண்ணிதான்ணா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். சென்னை வெயிலில் தினமும் ஒரு லிட்டர் ஆவியாக, நான் தினமும் ஒரு லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். லிட்டருக்கு 35 கிராம். மூணு வாரத்துக்கு முக்கால் கிலோ உப்பு! மீனைக் கொன்றது நான். புழுக்கள் பிணத்தை அப்புறப்படுத்த வந்தவை. மிஞ்சிய தீனி, செத்த மீன், அழுக்கு எல்லாவற்றையும் தின்று தொட்டியைச் சுத்தமா வைக்கிறதுதான் அவற்றின் வேலை. துப்புரவுப் பணியாளரைப் பிடித்துக் கொலைக் குற்றம் சாட்டியிருக்கேன்.

நாலு நாள், கொஞ்சம் கொஞ்சமா உப்பு நீரை எடுத்து ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்தேன். அந்த மீன் பிழைத்தது.

அப்போ அந்த அழகுப் பூ? போட்டோ அனுப்பினேன். அண்ணன் ஒரே வார்த்தையில் பதில் போட்டார்: ஐப்டேசியா. கொட்டும் செல்கள் உள்ள கடல் சாமந்தி. பக்கத்தில் வரும் இறால், நத்தை, பவளம் எல்லாத்தையும் கொட்டும். முழுசாப் படிக்காமல் பிளேடால் சுரண்டி எடுத்தேன். அது இரண்டாவது தப்பு. அடிப்பாகத்தில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் புது ஐப்டேசியா முளைக்கும். பத்து நாளில் ஒன்று பதினாலு ஆச்சு.

இதுக்கு மருந்து என்ன தெரியுமா? சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடை நீரில் குழைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாய்மேல் மெதுவா வைக்கணும். நான் கலக்குவதைப் பார்த்த பாட்டி, வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாங்க: "அதிகமானா நமக்கே வாய் வெந்துடும். அதுக்கு வேகாதா?" வெந்தது. ஆனா ஒரே நாளில் எல்லாத்துக்கும் வைத்தால் தண்ணீரின் பி.எச். எகிறும். அதனால ஒரு நாளைக்கு மூணு மட்டும். அவசரப்பட்டதுக்கு ஏற்கெனவே ஒரு மீனைக் கொடுத்தாச்சே.

நடுவில் வெறுத்துப்போய், பாறையை பெசன்ட் நகர் கடலில் போட்டுடலாம்னு நினைத்தேன். அண்ணன் திட்டினார். தொட்டி உயிர்களைக் கடலில் விட்டால், அங்கே அவை யாருக்கு வித்தவுட் ஆகும்னு சொல்ல முடியாது. சரி, இந்தப் பாறை எங்கிருந்துதான் வந்துச்சுன்னு கேட்டேன். "எனக்கும் ஒருத்தர் கொடுத்ததுதான்டா"ன்னார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளப்பாறைகள் இருக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே கடல் தேசியப் பூங்கா ஆக்கியிருக்காங்க. அங்கிருந்து யாரோ பெயர்த்ததாக இருந்தால்? வாங்கும்போது நான் கேட்காத கேள்வி அது. நீங்க தொட்டி வைப்பதாக இருந்தால் முதலில் அதைக் கேளுங்க. செயற்கைப் பாறை வாங்குங்க. பாக்டீரியா அதில் மெதுவா வளரும், நாமதான் காத்திருக்கணும்.

இப்போ ஐப்டேசியா இரண்டு மிச்சம். தீனியைக் குறைத்ததில் இருந்து புதுசா வரலை. போன வாரம் ராத்திரி மறுபடி டார்ச் அடித்தேன். பாறைக்கு அடியில் இளஞ்சிவப்பா ஒரு குட்டிப் புழு, கீழே விழுந்த தீனியை இழுத்துக்கிட்டு இருந்துச்சு.

டார்ச்சை அணைச்சுட்டுப் போய்ப் படுத்துட்டேன்.