விற்ற பிறகுதானே தெரியும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்குப் பிரதி எடுப்பவர்கள் புதியவர்களல்லர். இரவிரவாக விழித்திருந்து எழுதிய கட்டுரையொன்று, தலைப்பு மட்டும் மாறி, மறுவாரமே வேறோர் இதழில் வெளிவந்தது. கேட்டபோது, "இதில் உம்முடையது என்று என்ன இருக்கிறது? எல்லாம் தெரிந்த விடயங்கள்தானே!" என்றார்கள்.

ஆடை வழக்கொன்றின் தீர்ப்பை வாசிக்கையில் அதே வாதத்தை மீண்டும் சந்தித்தேன்.

கரன் மில்லன் என்னும் பிரித்தானிய நிறுவனம் 2005 இல் கோடிட்ட சட்டையொன்றையும் கறுப்பு நிறப் பின்னல் மேலாடையொன்றையும் அயர்லாந்தில் விற்பனைக்கு விட்டது. அங்குள்ள டன்ஸ் ஸ்டோர்ஸ் நிறுவனம் அவற்றை வாங்கி, அவை போலவே வெளிநாட்டில் தைப்பித்து, 2006 இல் விற்றது. பிரதி செய்ததை அந்நிறுவனம் மறுக்கவில்லை. பழைய ஆடைகள் பலவற்றின் கூறுகளைச் சேர்த்துப் பார்த்தால் அவ்வடிவங்களுக்குத் தனித்தன்மை இல்லை என்பதே அதன் வாதம்.

கரன் மில்லன் தன் வடிவங்களைப் பதிவு செய்திருக்கவில்லை. ஆயினும், பதிவில்லாத வடிவமைப்புக்கும் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகள் பிரதிக்கெதிரான பாதுகாப்பை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வழங்குகிறது. கழுத்தை ஓர் ஆடையிலிருந்தும் கோட்டை இன்னோர் ஆடையிலிருந்தும் எடுத்து ஒப்பிடல் ஆகாது. முந்தைய வடிவங்களைத் தனித்தனியே எடுத்தே ஒப்பிட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 ஜூன் 19 அன்று தீர்ப்பளித்தது.

நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கைத்தொழில் வடிவமைப்புக்கு முதலில் 5 ஆண்டுகளும், புதுப்பித்தால் மொத்தம் 15 ஆண்டுகளும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் பதிவு செய்தவருக்கே அவ்வுரிமை.

தென்கரையில் பத்திக் ஆடை தைத்து விற்கும் பெண்ணொருவரை ஒருமுறை சந்தித்தேன். தோளில் மடிப்பு வைத்து அவர் தைத்த சட்டை, சில வாரங்களில் நகரத்துக் கடையொன்றில் பாதி விலைக்குத் தொங்கியதாம்.

"பதிந்து வைத்திருக்கலாமே?" என்றேன்.

"மாதம் பத்துப் புது மாதிரி தைக்கிறேன், ஐயா. எதைப் பதிவது? எது ஓடும் என்பது விற்ற பிறகுதானே தெரியும்!"

பதிவில்லா உரிமை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தச் சட்டநூலிலும் நான் வாசித்ததில்லை. ஆனால் கரன் மில்லன் வழக்குத் தொடுத்தது 2007 இல். 3 ஆண்டு உரிமைக்கு 7 ஆண்டு வழக்கு! அந்தப் பெண்ணுக்குச் சட்டம் மட்டும் போதாது. அவர் ஏறி இறங்கக்கூடிய நீதிமன்றமும் வேண்டும்.